மகளுக்கு, அந்த வெள்ளச் செய்தி பற்றி

மகள்,

மட்டக்களப்பு வெள்ளத்தைப் பற்றி நீ எழுதி அனுப்பிய செய்தியைப் படித்தேன். அப்பா அதைத் தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார், அவரை விடு. நான் கமநல சேவை நிலையத்தில் காலம் முழுக்க விவசாயிகளின் மனுக்களைப் படித்த எழுதுவினைஞராகத்தான் இதைப் படித்தேன், கோபிக்காதே.

"படுவான்கரையில் பல ஏக்கர் வயல்கள் நீரில் மூழ்கின, விவசாயிகள் பாதிக்கப்பட்டுள்ளனர்." பிழை ஒன்றும் இல்லை, ஆனால் இதே வரியை அடுத்த மாரிக்கும் அப்படியே போடலாம். எந்தக் கண்டம், அதாவது எந்த வயல்வெளி? பயிர் முளையா, குடலையா, கதிரா? முளையில் தண்ணீர் நின்றால் திரும்ப விதைக்க ஒரு வழி இருக்கும், கதிர் முற்றுகிற நேரத்தில் நின்றால் அந்தப் போகமே போச்சு. எத்தனை நாள் நின்றது? மழைத் தண்ணீர் மட்டுமா, உன்னிச்சைக் குளத்து வான்கதவும் திறந்தார்களா, திறந்தால் கீழே இருக்கிற சனத்துக்கு முதலே சொன்னார்களா? உன் தமிழில் குறை இல்லை பிள்ளை, இதையெல்லாம் நீ கேட்கவில்லை, அதனால் எழுதவும் முடியவில்லை. ஒரு வரி மங்கலாக வந்தால் அலங்காரச் சொல் தேடாமல் போனை எடுத்து, அந்தக் கண்டத்து வயல்களுக்குத் தண்ணீர் பார்க்கிற வட்டவிதானையாரோடு கதை.

வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை வேறு ஒரே வரியில் முடித்துவிட்டாய், எனக்கு அதுதான் ஆத்திரம், ஏனென்றால் கதையே அங்கேதான் இருக்கிறது. மணல் மூடிக் கிடந்தால் வாவி ஏறி வயலுக்குள் வரும், வயல்காரர் வெட்டுங்கோ என்பார்கள், தோணிக்காரர் பொறுங்கோ என்பார்கள், அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று. இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. ஒருவரையும் வில்லனாக்காமல், முடிவெடுத்தது யார் என்பதையும் மறைக்காமல் இதை எழுதுவது லேசில்லை, அதற்குத்தான் கை பழக வேண்டும்.

இப்ப எல்லாம் வீடியோதானே அம்மா, எழுத்தை யார் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குக் கேட்டாய். ட்ரோனில் எடுத்தால் வெள்ளம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் தெரியும். அது எந்த ஊர், ஏன் வந்தது என்று பின்னால் பேசுகிற குரலுக்கும் யாரோ எழுதித்தானே கொடுக்க வேண்டும்?

அதோடு, கேள்வி கேட்பதும் எழுத்துத்தான். 2016இல் வந்த தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் போட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். 'வெள்ளம் பற்றிய விபரம் தரவும்' என்று எழுதிப் பார், மழுப்பலாக ஒரு பக்கம் வரும். கந்தோரில் இருந்தவள் சொல்கிறேன், எங்களுக்கு அப்படிப்பட்ட கடிதம் வந்தால் சந்தோஷம். எந்தத் திகதி, எத்தனை மணிக்குக் கதவு திறந்தது, அறிவித்தல் யாருக்குப் போனது என்று கேட்டால்தான் தலைவலி.

இன்னொன்று, சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2004 மே 31இல் வீரகேசரிப் பத்திரிகையாளர் நடேசனை மட்டக்களப்பு நகரத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருஷம் நம்ம ஊர்ப் பத்திரிகையாளர் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நீ கொழும்பில் இருந்து எழுதுகிறாய், உன்னோடு கதைத்தவர் இங்கே வவுணதீவில்தான் இருக்கிறார். அவர் சொல்லாத ஒரு சொல்லை அவர் வாயில் வைத்தால், விடிந்ததும் அவர் வாசலில்தான் ஆள் வந்து நிற்கும். பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடு. அவர் ஓம் என்றாலும் எழுதியதை ஒருக்கா வாசித்துக் காட்டு.

சரி, முகத்துவாரக் கதையைத் தனியாக எழுது. மாமாவுக்கு இரண்டு பக்கத்து ஆட்களையும் தெரியும். இரவு எட்டு மணிக்குப் பிறகு எடு, அதுவரைக்கும் வயலில்தான், அங்கே சிக்னல் இல்லை.

அம்மா