காதல் குறுந்தொடர்கள் மீண்டும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடிகர் ரிச்சர்ட் சேம்பர்லின் 2025 மார்ச் மாதம் தமது 90ஆம் வயதில் காலமானதையடுத்து, அவர் நடித்த பழைய குறுந்தொடர்களை மறுபடியும் பார்த்து வருகிறேன். எண்பதுகளில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடைகளில் வீடியோ நாடாக்களை வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகப் பார்த்த என் தலைமுறையினருக்கு, ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ தொடரின் பாதிரியார் ரால்ஃபையும் அவர் காதலிக்கும் மெகியையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

1920 முதல் 1962 வரை நீளும் அந்த மூன்று தலைமுறைக் கதையை, அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1983இல் நான்கே இரவுகளில் ஒளிபரப்பி முடித்தது. ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணையில் நடக்கும் கதையைக் கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் படமாக்கியதும், முதுமைக் காட்சிகளில் ஒப்பனை அப்பட்டமாகத் தெரிவதும் இப்போது உறுத்தத்தான் செய்கின்றன. ஆயினும் காதலுக்குக் குறுக்கே நிற்பவை ரால்ஃப் மனமுவந்து ஏற்ற துறவும், திருச்சபையில் உயர வேண்டும் என்ற அவருடைய ஆசையுமே என்பதால், அந்த நெடுங்காலத் தவிப்பை நம்ப முடிகிறது. சேம்பர்லினே நடித்து 1980இல் வந்த ‘ஷோகன்’ ஜப்பானிலேயே படமாக்கப்பட்டது. ஜப்பானியர் பேசுவதற்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வரிகள் இல்லாததால், கதையில் வரும் ஆங்கிலேய மாலுமியைப் போலவே நாமும் திகைத்து, பின்னர் மெல்ல மெல்லப் புரிந்துகொள்வோம்.

இன்று நம் வீடுகளில் ஓடும் தமிழகத் தொடர்கள் பல நூறு பகுதிகளைக் கடந்தும் முடிவதில்லை. முடிவு இன்னதென்று தெரியாமல் எழுதப்படும் கதையில் பிரிவுக்கோ சேர்க்கைக்கோ கனம் ஏது? (என் வீட்டிலும் அவை ஓடத்தான் செய்கின்றன.)

நம்மிடம் கதைக்குப் பஞ்சமில்லை. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஓர் இளைஞன், பால்மர (ரப்பர்) தோட்டத்தில் கங்காணியின் மகளை விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவனைச் சயாம் மரண இரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்கிறார்கள். அவன் உயிரோடு திரும்பிவந்தாலும் பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் காத்திருக்கிறது. அதையும் தாண்டினால், 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை பெற்றவள் இங்கும் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரன் தமிழகத்திலும் என்று பிரியும் நிலை வரலாம். இவ்வளவு காலப்பரப்பும் இத்தனை தடைகளும் உள்ள கதைக்குக் குறுந்தொடரே ஏற்ற வடிவம்.

மலேசிய அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மும் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவும் உள்ளூர்த் தமிழ் நாடகங்களுக்கு இடமளித்து வருவதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். அவ்விரு நிறுவனங்களும் இத்தகைய காலக்கதை ஒன்றுக்கு நிதி ஒதுக்க முன்வர வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயன் (வரிசை) வீடுகள் செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் வழிவிட்டு மறைந்து வருவதால், காலம் தாழ்த்தினால் அரங்கம் அமைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். எட்டுப் பகுதிகள் போதும். படப்பிடிப்பு தொடங்குமுன் எட்டாம் பகுதியும் எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு