தி.நகரில் 137 ஓட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் வந்த இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஒன்று, சென்னையில் காணாமல் போன பழைய கடைகளைப் பற்றி, பக்கம் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்களோடு. இன்னொன்று, சிறிய கட்சிகள் தேர்தலில் தேறுமா என்று அலசியது. அதில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சதவீதத்தைப் போட்டுவிட்டு, இவர்கள் யாருடைய ஓட்டைப் பிரிப்பார்கள் என்ற கேள்வியோடு முடித்துவிட்டீர்கள். இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் மேற்கு மாம்பலத்திலேயே பிறந்து வளர்ந்து, எதை வாங்க வேண்டுமானாலும் ரயில்வே லைனைத் தாண்டி தி.நகருக்குப் போய்ப் பழகிய எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் படுகின்றன. கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், மாநகராட்சி பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தி.நகரின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் தியாகராயர் பெயரில், பூங்கா பனகல் அரசர் பெயரில், இன்னொரு பூங்கா டாக்டர் நடேச முதலியார் பெயரில், அப்புறம் உஸ்மான் சாலை, தணிகாசலம் சாலை, சௌந்தரபாண்டியனார் பெயரைச் சுருக்கிய பாண்டி பஜார். எல்லாருமே நீதிக்கட்சிக்காரர்கள். 1916ல் தொடங்கி 1920 தேர்தலிலேயே ஆட்சிக்கு வந்து, 1937ல் படுதோல்வி அடைந்து, 1944ல் சேலத்தில் திராவிடர் கழகமாக மாறிய கட்சி அது. அந்த மாற்றத்தை ஏற்காத சிலர் பி.டி.ராஜன் தலைமையில் பழைய பெயரிலேயே 1952 தேர்தலில் நின்றார்கள், கம்பத்தில் அவர் ஒருவர் மட்டும் ஜெயித்தார், அதோடு கட்சியின் கதை முடிந்தது. உங்கள் கட்டுரை அன்றைக்கு வந்திருந்தால் அந்தக் கட்சிக்கு ஒரு வரி கூடக் கிடைத்திருக்காது. ஆனால் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டை முதலில் அரசாணையாகக் கொண்டுவந்தது அவர்கள் ஆட்சிதான், அது இன்றைக்கும் இந்த மாநிலத்தின் அரசியலை நடத்திக்கொண்டிருக்கிறது. எத்தனை இடம் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு கட்சியை எடைபோடுவது எனக்குச் சம்மதமில்லை.

சரி, இடக் கணக்கையே பார்ப்போம் என்றாலும் அது நியாயமான கணக்கு இல்லை. தேமுதிக 2006ல் தனியாக நின்று சுமார் 8.4 சதவீதம் வாங்கியது, கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011ல் அதிமுக கூட்டணியில் நின்றபோது வாங்கியது 7.9 சதவீதம்தான், முன்பைவிடக் குறைவு, ஆனால் 29 இடம் கிடைத்து விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். நாம் தமிழர் கட்சி 2016ல் ஒரு சதவீதத்தில் ஆரம்பித்து 2021ல் 6.6, 2024 மக்களவைத் தேர்தலில் 8.2 என்று ஏறியது, அந்த மூன்று தேர்தலிலும் ஒரு இடம் கூட இல்லை. அந்தக் கட்சியின் பேச்சில் எனக்கு உடன்பாடு கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் நூறு பேரில் எட்டுப் பேர் ஒரு சின்னத்தைத் தேடிப்பிடித்துப் போட்ட ஓட்டை 'பிரித்த ஓட்டு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது அந்த எட்டுப் பேருக்குச் செய்யும் அவமரியாதை. அந்த ஓட்டு பெரிய கட்சிக்குச் சொந்தமாக இருந்து, வழியில் யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி அல்லவா எழுதுகிறீர்கள்?

தேடிப்பிடித்து என்று சும்மா சொல்லவில்லை. அதே கட்சி 2016ல் இரட்டை மெழுகுவர்த்தி, 2019லும் 2021லும் கரும்பு விவசாயி, 2024ல் மைக். மதிமுகவுக்கு 2024ல் பம்பரம் கிடைக்காமல் திருச்சியில் தீப்பெட்டியில் நின்றார்கள், ஜெயித்தும் விட்டார்கள், ஆனால் அதற்குப் பின்னால் பெரிய கூட்டணியின் ஆள்பலம் இருந்தது. கூட்டணி இல்லாத ஒரு சின்னக் கட்சி, சின்னம் ஒதுக்கிய நாளிலிருந்து ஓட்டுப்பதிவு வரைக்கும் இருக்கிற கொஞ்ச நாளில் அந்தப் படத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதற்குப் பயந்தே பலர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றுவிடுகிறார்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் நாடு முழுக்க 474 கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது, ஆறு வருடமாகத் தேர்தலில் நிற்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி. அதில் தமிழ்நாட்டுக் கட்சிகள் 42. பெரும்பாலும் லெட்டர்பேடு கட்சிகள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மனிதநேய மக்கள் கட்சியும் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2021ல் உதயசூரியனில் நின்று ஜெயித்து அவர்களுடைய ஆட்கள் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஆனாலும் கணக்குப்படி அந்தக் கட்சிகள் தேர்தலிலேயே நிற்கவில்லை! சொந்தச் சின்னத்தில் நின்றால் டெபாசிட் போகிறது, இரவல் சின்னத்தில் நின்றால் கட்சியே போகிறது. இதையெல்லாம் சொல்லாமல் வாய்ப்பை மட்டும் அலசினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்?

இனி கடைகளுக்கு வருகிறேன். மூர் மார்க்கெட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது அருமை. 1985 மே மாதத் தீயில் அது போய், அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 2008ல் மூடிய உட்லண்ட்ஸ் டிரைவ் இன், அங்கே இப்போது இருக்கும் செம்மொழிப் பூங்கா, நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க் புத்தகக் கடை எல்லாம் சரி. ஆனால் படம் எடுத்து வைக்க ஆள் இருந்த கடைகள் மட்டும்தான் உங்கள் பக்கத்தில் இருக்கின்றன.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டன் கடை ஒன்று இருந்தது. அகலம் ஆறடி இருந்தால் அதிகம். சுவர் முழுக்கத் தரையிலிருந்து உத்தரம் வரை நீள நீளமான அட்டைப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றைக் கடைக்கார அண்ணாச்சி நூலால் தைத்து வைத்திருப்பார், எழுத்து எதுவும் கிடையாது. லேஸ், ஹூக், பைப்பிங், சேலை ஃபால்ஸ் எல்லாம் உண்டு. யாராவது ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து நூல் கேட்டால், அண்ணாச்சி துணியை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்துவிடுவார். "டியூப் லைட்ல பார்த்தா கலர் ஏமாத்தும்மா" என்பார். வெயிலில் நூல்கண்டைத் துணிமேல் வைத்து, இல்லை என்று தலையாட்டி, உள்ளே போய் அடுத்ததை எடுத்துவருவார். சட்டையில் ஒரே ஒரு பட்டன் போயிருந்தால் அந்த ஒரே ஒரு பட்டனைக் கொடுப்பார். பெரிய கடையில் இன்றைக்கு அதைக் கேட்டால் பன்னிரண்டு பட்டன் கொண்ட அட்டையாகத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

அந்த அண்ணாச்சி ஒரு சின்னக் கட்சிக்காரர். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். தேர்தல் அன்று கடையை மூடிவிட்டு காலை ஆறு மணிக்கே பூத் ஏஜெண்டாகப் போய் உட்கார்ந்துவிடுவார், வாக்காளர் பட்டியலில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பேராக அடித்துக்கொண்டே வருவார். எதிர்க்கட்சி ஏஜெண்டுகள்கூட அவரிடம்தான் "அண்ணாச்சி, இந்த வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்களா?" என்று கேட்பார்கள். தெருவில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதவும் அவர் கடைக்குத்தான் போவோம். அவர் கட்சி அந்தத் தொகுதியில் ஒரு தடவை கூட டெபாசிட்டைக் காப்பாற்றவில்லை, அதாவது பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வரவில்லை. ஆனாலும் அந்தக் கட்சி எங்களுக்கு ஆறு அடி அகலத்தில் தினமும் திறந்திருந்தது.

கடை போனதற்கு ஆன்லைன் வியாபாரம் மட்டும் காரணம் இல்லை. பழைய கடைகள் பலவும் வாய்வார்த்தை வாடகையில் இருந்தவை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபோது எல்லாவற்றுக்கும் எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும் என்றாகிவிட்டது. கட்டடக்காரர் கைமாற்றினார், புதிதாக வந்தவர் கேட்ட வாடகைக்கு அண்ணாச்சி எத்தனை பட்டன் விற்க முடியும்? அதே வருடம் நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தார்கள். நடக்க நன்றாக இருக்கிறது, என் அம்மாவை இப்போது பயமில்லாமல் அங்கே கூட்டிப்போக முடிகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எந்தச் சந்தில் வண்டி நிற்கலாம், சரக்கு எந்த நேரத்தில் இறங்கலாம், வேலை நடக்கும் மாதங்களில் சின்னக் கடைக்கு வாடிக்கையாளர் எப்படி வருவார் என்பதையெல்லாம் கடைக்காரர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

இதுதான் நான் வெட்ட வேண்டாம் என்று கேட்ட இடம். 2016 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அப்போது நடக்க வேண்டிய தேர்தல் வழக்கில் நின்றது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கும் மேல் இவ்வளவு பெரிய ஊரில் ஒரு கவுன்சிலர் கூடக் கிடையாது. தி.நகரில் ஒரு பெரிய கடைவீதியையே தலைகீழாக மாற்றி அமைத்த வேலை அந்தக் காலத்தில் நடந்தது. பெரிய கடைக்காரர்களுக்கு அமைச்சர் வரைக்கும் போக வழி உண்டு. பட்டன் கடைக்காரருக்கு வார்டு கவுன்சிலர்தான் வழி, அந்த வழியே இல்லாமல் போயிற்று. அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார், இது எங்கள் வேலை இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தார்.

சின்னக் கட்சிக்காரர்கள் உண்மையிலேயே ஜெயிக்கக்கூடிய இடமும் அந்த வார்டுதான். 2022ல் 200 வார்டுகளில் திமுக பெருவாரியாக ஜெயித்தபோதும் மார்க்சிஸ்டுகளுக்கு 4, விடுதலைச் சிறுத்தைகளுக்கு 4, சுயேச்சைகள் சிலர் என்று உள்ளே வந்தார்கள். கூட்டணி தயவு இருந்தது உண்மைதான். ஆனால் வார்டில் ஆளைத் தெரிந்து ஓட்டுப் போடுகிறார்கள், சின்னம் அப்புறம்தான். சின்னக் கட்சிகளும் சட்டமன்றத்துக்குச் செலவழிக்கிற மூச்சில் கால்வாசியை வார்டுக்குச் செலவழித்தால் அவர்கள் நிலைமை வேறு மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம். 234 தொகுதியிலும் ஆள் நிறுத்திவிட்டு, ஒரு வார்டிலும் வருடம் முழுக்க ஆள் இல்லாமல் இருந்தால் யார் நம்புவார்கள்?

தலைப்பில் சொன்ன 137க்கு வருகிறேன். 2021ல் தியாகராய நகர் தொகுதியில் திமுக வேட்பாளர் அதிமுக வேட்பாளரை ஜெயித்தது 137 ஓட்டில். மாநிலத்திலேயே குறைந்த வித்தியாசம். அந்தத் தொகுதியில் மக்கள் நீதி மய்யமும் நாம் தமிழரும் வாங்கிய ஓட்டுகள் இதைப்போலப் பல மடங்கு. அதாவது இரண்டு பெரிய கட்சிகளையும் வேண்டாம் என்று நினைத்த ஆயிரக்கணக்கானவர்கள் ஊரின் மிகப் பெரிய கடைவீதியைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள், என்ன கேட்டார்கள் என்று அன்றைக்கு ஒரு பத்திரிகையும் போய் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியிடுகிறார்கள், பூத் வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுது நடந்தாலே, எந்தப் பூத்தில் சின்னக் கட்சிக்கு ஓட்டு விழுந்தது, அந்தத் தெருவில் என்ன பிரச்சினை என்று தெரிந்துவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்கு முன்னால், இப்போதே, வாரம் ஒரு வார்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் திறந்திருக்கும் சின்னக் கடைகளில் ஒன்றைப் பற்றி எழுதுங்கள், கடைக்காரருக்கு வாடகை எவ்வளவு, ஒப்பந்தம் இருக்கிறதா, மெட்ரோ வேலையில் வியாபாரம் எவ்வளவு குறைந்தது என்று கேட்டு எழுதுங்கள். அதே பக்கத்தில் அந்த வார்டில் நிற்கப்போகும் எல்லாக் கட்சிக்காரர்களிடமும், சுயேச்சை உட்பட, இந்தக் கடைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பதிலைப் போடுங்கள். மேற்கு மாம்பலத்தில் தொடங்குவதாக இருந்தால் சொல்லுங்கள், கூட வந்து கடைகளைக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை