செத்துச் செத்து நகரும் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

‘வீடியோ கேமில் அடிதடியைத் தவிர என்ன இருக்கிறது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போன கோடை வரை நானும் அந்தக் கட்சிதான். விடுமுறைக்கு வந்த பேரன் ‘ஹேடீஸ்’ விளையாடியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சூப்பர்ஜெயன்ட் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட விளையாட்டு அது.

கிரேக்கப் புராணத்துப் பாதாள அரசன் ஹேடீஸ். அவன் மகன் சாக்ரியஸ், இரவுத் தெய்வம் நிக்ஸ்தான் தாய் என்று நம்பி வளர்ந்தவன். பெற்றவள் பெர்சபனி என்று தெரிந்ததும் அவளைத் தேடிக் கிளம்புகிறான்.

வழியில் செத்தால் ஆட்டம் முடிந்தது என்றே நினைத்தேன். இல்லை. ரத்தக் குளத்திலிருந்து எழுந்து வீட்டுக்கே வருகிறான். அப்பா மேசையிலிருந்து தலை நிமிராமல் குத்திப் பேசுகிறார். மூன்று தலை நாய் செர்பெரஸைத் தடவிக் கொடுத்துவிட்டு மறுபடி கிளம்புகிறான். ஒவ்வொரு சாவுக்கும் புதுப் பேச்சு, புதுக் கதை. ஓயாமல் பாறை உருட்டும் தண்டனை பெற்ற சிசிஃபஸ் அந்தப் பாறைக்கே செல்லப்பெயர் வைத்திருக்கிறான்!

கடைசி வாசலில் மறிப்பது அப்பாவேதான். அவரை வென்று தாயைக் கண்டாலும், பாதாளத்துப் பிள்ளைக்குப் பூமியில் ஆயுள் கொஞ்ச நேரம்தான். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பேரன் சிரித்தான், சரி போகட்டும்.

அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதுகளில், 2021இல் வீடியோ கேமுக்கென்று தனிப் பிரிவு வைத்து இதற்குத்தான் கொடுத்தார்கள். சண்டையும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. அந்த வாசகர் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்