மரக்கன்றோடு வருகிறவர்களுக்கு: கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு காவிரி டெல்டாவுக்கு வந்து பணியாற்றும் சுற்றுச்சூழல் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முத்துப்பேட்டைக்கு மேற்கே, காவிரிப் பாசனத்தின் கடைசிக் கோடியான கடைமடையில், நெல்லையும் தென்னையையும் நம்பிப் பிழைக்கும் ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மேலே உள்ள ஊர்களின் வெள்ளமெல்லாம் எங்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். கடைமடைக்காரனுக்கு எல்லாமே கடைசியில்தான் வரும், வெள்ளத்தைத் தவிர.

எங்கள் ஊர்களின் படத்தைக் காட்டி நீங்கள் மக்களிடம் ஆதரவு திரட்டுகிறீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை. அந்த ஆதரவு எதற்குச் செலவானது என்று பணம் கொடுத்தவருக்கு அறிக்கை அனுப்புவதைப் போல எங்களுக்கும் சொல்லுங்கள், வேலையை எங்கள் பருவத்தைப் பார்த்துச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. அரசு, மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. வெளியூர் இளைஞர்கள் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் மரம் அறுக்கும் இயந்திரமுமாக வந்து இறங்கினார்கள். மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் அவர்கள் செய்ததை இந்த வட்டாரம் மறக்காது.

அடுத்து வந்தவைதான் தென்னங்கன்றுகள். ஒரு லாரி நிறைய. பானர் கட்டி, வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு இத்தனை என்று கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். விழுந்த மரங்கள் அப்போதும் தோப்பிலேயே கிடந்தன. தென்னை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மட்கும் தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கட்டை விரல் பருமனுக்கு வெள்ளைப் புழுக்கள் தண்டுக்குள் சுருண்டு கிடக்கும். அவை வண்டாகி வெளியே வந்ததும் தேடிப் போவது இளங்கன்றின் குருத்தை. விரியும் ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டு தெரிந்தால் வண்டு உள்ளே போய்விட்டது என்று பொருள். தண்டை அகற்றுவதற்கு முன் கன்றைக் கொடுத்தால் வண்டுக்குப் பந்தி போட்ட மாதிரிதான். அந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டவை தண்டைத் துண்டு போட்டுத் தூளாக்கும் இயந்திரங்கள், எருக்குழியில் போட, வண்டின் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணம், கன்று காய்ப்புக்கு வரும்வரை ஊடுபயிர் செய்ய விதை. இவை படத்தில் நன்றாக இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

இதே கதையின் பெரிய வடிவத்தை 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினம் பார்த்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை கொண்டுபோன மாவட்டம் அது. நல்ல மனத்தோடு அனுப்பப்பட்ட பழைய துணிகள் சாலையோரங்களில் மலையாகக் குவிந்து, அவற்றை அப்புறப்படுத்துவதே தனி வேலையானது. போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகள் கொடுத்ததில், முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் கடலில் இறங்கின. அலையைத் தடுக்கும் என்று கரையெங்கும் சவுக்கு நட்டார்கள். அதற்காகச் சில இடங்களில் மணல் மேடுகளையே சமன்படுத்தினார்கள். கடலுக்கு இயற்கை போட்ட கரையே அந்த மேடுதான். பங்குனி ஆமைகள் முட்டையிடத் திறந்த மணல் வேண்டும் என்பதும் பலருக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் குழப்பத்துக்கு நடுவே, எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பதிவு செய்ய நாகையில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று உருவானது. கடல்நீர் ஏறிய வயல்களை இனி விடவேண்டியதுதான் என்று பேசிக்கொண்டிருந்தபோது இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வந்து, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதையும் உவர் தாங்கும் நாட்டு நெல்லையும் விவசாயிகளோடு சேர்ந்து செய்து காட்டினார். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்ததும் அப்படியே. கண்ட இடத்தில் கன்றை நடாமல், தண்ணீர் தேங்கி உப்பேறிக் கிடந்த நிலத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். கடலின் ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்ததும் காடு பிடித்துக்கொண்டது. தண்ணீருக்கு வழி விட்டால் வெண்கண்டல் போன்ற அலையாத்தி மரங்களுக்கு நம் தயவு பெரிதாகத் தேவையில்லை.

மக்கள் ஆதரவு பற்றி உங்கள் கூட்டங்களில் நிறையப் பேசுவீர்கள். டெல்டாவில் அது எப்போது கிடைத்தது என்று பாருங்கள். நிலத்தடியிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தின் எதிர்ப்பிலும், 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் பெண்கள் பிள்ளைகளோடு பந்தலில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பே சிலர் ஊர் ஊராகப் போய், ஆழ்துளை போட்டால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததற்கு அந்தத் திண்ணைப் பேச்சுக்கும் பங்கு உண்டு. பேராவூரணியில் கஜாவுக்குப் பிறகு கடைமடை விவசாயிகளே சங்கம் வைத்துப் பெரிய ஏரியைத் தூர்வாரினார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் பணம் அனுப்பினார்கள். மொய் விருந்துக்குப் பேர்போன வட்டாரம் இது. யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் இருக்கும், வருடம் பல ஆனாலும் கணக்கு நிற்கும். கணக்கு தெரிந்தால் கையை மடக்காத ஊர்கள்தான் இவை.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியாததில்லை. 2020-இல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, அந்தப் பணத்தைப் பெரிய அமைப்பு சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியோ மார்ச் 31 என்ற தேதியோடு வருகிறது. அதனால்தான் மாசியிலும் பங்குனியிலும் கன்று நட வருகிறீர்கள். இரண்டே மாதத்தில் அக்னி நட்சத்திரம். எங்கள் ஊர்க் குளக்கரையில் ஓர் அமைப்பு அப்படி நட்ட கன்றுகளில் பட்டுப்போன சிலவற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரைச் சுற்றிய பாலித்தீன் உறையைக்கூடக் கிழிக்காமல் மண்ணில் இறக்கியிருந்தார்கள். அந்த ஆண்டறிக்கையில் அவையும் நட்ட கன்றுகளாகவே எண்ணப்பட்டிருக்கும்.

சமூகப் பொறுப்பு நிதியைத் தொடர் திட்டம் என்று காட்டினால், செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்து அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் கம்பெனிக்காரர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். “இந்த ஆண்டு ஐந்தாயிரம் கன்று” என்பதற்குப் பதிலாக “மூன்று ஆண்டுகளுக்கு ஒரு வடிகால்” என்று கேட்டுப் பாருங்கள். வெங்காயத்தாமரை அடைத்த வடிகாலை ஆவணிக்குள் சுத்தம் செய்துவிட்டால், கார்த்திகை வெள்ளத்தில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடக்கும் நாட்கள் குறையும். பயிர் அழுகுவதும் பிழைப்பதும் அந்தச் சில நாட்களில்தான் இருக்கிறது. மழைக்கு முன் மதகு ஷட்டர்களுக்கு கிரீஸ் போட்டார்களா, கரையில் உடைப்பு எடுக்கும் இடங்கள் எவை, முகாமாகும் பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். நீர்வளத்துறை செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்வது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். செய்ய வேண்டாம், எங்களோடு சேர்ந்து மனுவாவது எழுதுங்கள். உங்கள் கடிதத் தாளில் போனால் அதிகாரி இரண்டு வரி கூடுதலாகப் படிக்கிறார்.

அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. கடைமடையில் வேலை செய்த, செய்யப்போகும் அமைப்புகள் அன்று வந்து உட்காருங்கள். கையில் ஒரே ஒரு தாள் போதும்: இந்த ஊரின் பெயரில் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, நட்டதில் இன்று எத்தனை உயிரோடு இருக்கிறது. கேள்விகள் வரும், கொஞ்சம் சத்தமும் இருக்கும். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை மட்டும் முந்தின நாளே ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்