தடுப்புக் கம்பியைக் கழற்றிய அண்ணனுக்கு நன்றி

சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இசை நிகழ்ச்சியின் நுழைவாயில் நெரிசலில், பச்சை டீசர்ட்டில் நின்ற அண்ணா, உங்கள் பெயர்கூடத் தெரியாது. மனமார்ந்த நன்றி.

ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் நெருங்கினாலே ஆபத்து. கூட்டம் அலையாக ஆளைத் தள்ளும். பின்னால் வருபவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. மிதிபடுவதைவிட, நின்றபடியே நெஞ்சு நசுங்கி மூச்சடைப்பதில்தான் அதிக உயிர் போகிறது. “கையை நெஞ்சுக்கு முன்னால மடக்கிக்கோங்க, செருப்பு போனா குனியாதீங்க, அலை அடங்கினதும் குறுக்கால ஓரத்துக்கு நகருங்க, கத்தி மூச்ச வீணாக்காதீங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். எல்லா வாசலிலும் சொல்ல வேண்டியது இது.

தடுப்புகளின் கொக்கியைத் தூக்கி, இரண்டை விலக்கி வழிவிட்டு, குழந்தைகளைத் தலைக்கு மேலாகக் கைமாற்றி வாங்கினீர்கள். கொக்கி கிழித்த உள்ளங்கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி போட்டீர்களா, அண்ணா?