மேட்டில் நின்ற வண்டி

உச்சிப்புளி,
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கே மாப்பிள்ளையும் பேரனும் சுகமா? பெரியபட்டினத்துப் பையன் ஒருவன் புதன்கிழமை சார்ஜாவுக்குக் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்துவிட உங்கம்மா கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு, குண்டு மிளகாய் என்று பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதோடு இந்தக் கடிதமும் வருகிறது. வாட்ஸப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். காரணம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நீ பேசியபோது ரோடு டெஸ்டில் இரண்டாவது தடவையும் ஃபெயில் என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டினவர் மகளுக்கு ஒரு ரவுண்டானா சுத்த வரலை, நீங்க ஒரே தடவையில பாஸ் பண்ணினீங்களேப்பா" என்று சொல்லி அழுதாய் பார், அதற்கு எனக்கு வாய் வரவில்லை. உங்கம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

நான் வண்டி பழகிய கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை தாயி. இப்போது சொல்கிறேன்.

1981. எனக்குப் பதினெட்டு வயது. ராமநாதபுரத்தில் ஒரு முதலாளியிடம் கிளீனராகச் சேர்ந்தேன். அவரிடம் இருந்தது ஒரு மார்க் 3 அம்பாசடர். இங்கிலாந்துக்காரர்களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத்தான் மேற்கு வங்கத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் அந்தப் பேரில் செய்தார்கள் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது முதலாளி வண்டி, அவ்வளவுதான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து கழுவ வேண்டும். நம் பக்கம் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியும், குடத்துக்குக் காசு. வண்டிக்கு ஒரு வாளிதான் கணக்கு. ஆனால் கழுவாமலும் விட முடியாது. கடல் காற்றில் உப்பு படிந்து படிந்து தகரம் அப்பளம் மாதிரிப் பொரிந்து உதிரும். அதனால் வாரத்துக்கு ஒருநாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் துணியில் தொட்டு அடித்தகரம் முழுக்கப் பூசுவேன். கண்ணில் சொட்டும். அந்த வண்டியின் அடிவயிறுதான் எனக்கு முதலில் பழக்கம். ஸ்டியரிங் கைக்கு வந்தது அதற்குப் பல மாசம் கழித்து.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெரிய டிரைவர் அண்ணன். லாரியிலிருந்து வந்தவர். கோடையில் சக்கரக்கோட்டைக் கண்மாய் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சவாரி இல்லாத மத்தியானத்தில் வண்டியை அதற்குள் இறக்குவார். முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் "செருப்பைக் கழட்டுடா" என்றார். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டுமாம். பெடலில் ரப்பர் தேய்ந்து வெறும் இரும்புதான் இருந்தது. அந்த வெயிலில் தோசைக்கல்லில் காலை வைத்த மாதிரி. காலை எடுத்தால் வண்டி குதித்து நின்றுவிடும், வைத்தால் பொசுக்கும். அன்றைக்கு என் காலுக்குத் தெரிந்த இடம் இன்றைக்கும் மறக்கவில்லை, எந்த வண்டியில் ஏறினாலும் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும்.

கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்கு அடியில் இடதுபக்கமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், ஹேண்ட் கியர் என்போம். உள்ளே தேய்ந்துபோய், எந்தக் கியர் விழுந்திருக்கிறது என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் தெரியும். வண்டி முழுசாக நின்றால்தான் முதல் கியர் விழும். அவசரப்பட்டால் கர்ரென்று பல்லைக் கடிக்கும். உடனே அண்ணன் தோள் துண்டால் முழங்கையில் ஒரு வீச்சு வீசுவார். ஹெட்லைட்டை டிம் அடிக்கிற சுவிட்சும் தரையில், இடது காலுக்குப் பக்கத்தில். ஆக இரண்டு காலுக்கு நாலு வேலை. ரிவர்ஸ் பழக இரண்டு பனைமட்டையை ஊன்றி நடுவில் விடச் சொல்வார். மட்டையில் இடித்ததைவிடக் கருவேல முள்ளில் ஏற்றியதுதான் அதிகம். எத்தனை பஞ்சர் ஆனதோ அத்தனையும் ஒட்டியவன் நான்தான்.

அம்பாசடர் கிடைக்காத நாளில் அந்தத் தெருவிலிருந்த ஒரு டாக்டரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நம் மெட்ராஸில் செய்த வண்டி. பானட்டைத் தூக்கினால் இரண்டு பக்கத்து மட்கார்டும் சேர்ந்து முழு மூஞ்சியும் முன்னால் கவிழும், முதலை வாயைத் திறந்த மாதிரி. அதை ஓட்ட ஒருநாளும் கொடுத்துவைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1982-இல் பிரேக் இன்ஸ்பெக்டர் முகாம் போட்ட நாள் ஒன்றில் டெஸ்டுக்குப் போனேன். நேர் ரோட்டில் நன்றாகத்தான் ஓட்டினேன். கண்மாய்க் கரைமேல் ஏறச் சொன்னார். பாதி ஏறினதும் "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். "எடு" என்றார். நானும் எடுத்தேன், வண்டி பின்னால் உருண்டது. கண்மாய்க்குள் தட்டையில் பழகியவனுக்கு மேட்டில் நின்ற வண்டியை எடுக்கத் தெரியவில்லை. பின்னால் ஒரு சின்னப்பிள்ளை ஆடு பத்திக்கொண்டு வந்தது. அது போட்ட கூச்சலும், குட்டிகள் நாலாபக்கமும் தெறித்ததும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவைத் திறந்து இறங்கி நடந்தே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆமாம் தாயி. அப்பா ஃபெயில்.

வீட்டில் உன் தாத்தாவிடம் "இன்ஸ்பெக்டர் வரலை" என்று சொன்னேன். அடுத்த முகாமில் பாஸ். ஒரே தடவையில் வாங்கிவிட்டதாக ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். 1990-இல் உங்கம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது தரகர் எடுத்த எடுப்பிலேயே "பையன் ஒரே தடவையில லைசென்ஸ் வாங்கினவன்" என்று ஆரம்பித்தார். அப்புறம் அந்தப் பொய்யை எங்கே போய் வாபஸ் வாங்குவது? உனக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். அது சுற்றிக்கொண்டு வந்து வெள்ளிக்கிழமை உன்னை அழவைக்கும் என்று எனக்குத் தெரியாது.

லைசென்ஸ் வாங்கிய பிறகும் மேடு என்றால் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். நல்லவேளை, நம் ஜில்லாவில் மேடு ஏது? கண்மாய்க் கரையை விட்டால் எல்லாம் தட்டை. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து பாம்பன் ரோடு பாலத்தைத் திறந்தார், என் நிம்மதி போனது. அதுவரைக்கும் எப்பேர்ப்பட்ட ஆள் வந்தாலும் கார் மண்டபத்தோடு நிற்கும், அதற்கப்புறம் 1914-இல் போட்ட பாலத்தில் ரயில்தான். புதுப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேலே. அடியில் படகும் கப்பலும் போகிற மாதிரி நடுவில் உயர்ந்து இறங்கும். கடலுக்கு மேலே மேடு கட்டி வைத்திருக்கிறார்கள்!

திறந்த மாதத்திலேயே மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். பாதி ஏற்றத்தில் முன்னால் போனவன் நிறுத்திவிட்டான். என்னவென்றால், கீழே ரயில் பாலத்தில் ரயில் போகிறதாம், பார்க்கிறார்களாம். எனக்குப் பின்னால் ஒரு பஸ். காற்று அம்பாசடரையே ஆட்டுகிறது. பின் சீட்டில் ஒரு ஆச்சி "ராமநாதா, ராமநாதா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கையெல்லாம் வேர்வை. கிளட்சை மெல்ல விட்டு, அது பிடித்து வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும் வரை காத்திருந்து, ஆக்சிலேட்டரில் கொஞ்சம் கொடுத்து, அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்கை விட்டேன். ஒரு சாண்கூடப் பின்னால் போகவில்லை. லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நான் பாஸானேன் என்று வைத்துக்கொள். இப்போது 2025 ஏப்ரலில் ரயிலுக்கும் புதுப் பாலம் திறந்தாயிற்று. ஜனங்கள் இன்னமும் அதே மேட்டில் வண்டியை நிறுத்தித்தான் வேடிக்கை பார்க்கிறார்கள்.

அடுத்து பத்மினி, உனக்கு நினைவிருக்கும். கம்பெனி வைத்த பேர் பத்மினி, ஸ்டாண்டில் எல்லோருக்கும் அது பியட்தான். 1995-இல் வட்டிக்கு வாங்கிப் போட்டேன். நல்ல வண்டி, வெயில் மட்டும் ஆகாது. சூட்டில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், அப்படியே படுத்துவிடும். பரமக்குடி தாண்டி ஒருநாள் நின்றபோது, துண்டை நனைத்துப் பம்பின்மேல் சுற்ற உன் ஸ்கூல் வாட்டர் பாட்டிலைப் பிடுங்கி ஊற்றினேன். காருக்குத் தாகம் என்று சொன்னேன். "எனக்கும்தான் தாகம்" என்று மதுரை வரைக்கும் அழுதாய். அதற்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

2004-இல் மாருதி 800 வந்தது. மூணு சிலிண்டர், 796 சிசி. கியர் தரையில். இருபது வருஷத்துக்கு மேலே ஸ்டியரிங்குக்கு அடியில் கியரைத் தேடிய கை சும்மா இருக்குமா? கியர் மாற்றுகிறேன் என்று வைப்பரைத் தட்டிவிடுவேன். சித்திரை வெயிலில் வைப்பர் ஆடிக்கொண்டே போகும் டாக்ஸி என்று ஸ்டாண்டில் எனக்குப் பேர். அங்கே ஸ்டியரிங் இடதுபக்கம், கியர் மாற்றப் போனால் கை கதவைத் தட்டுகிறது என்று சொன்னாயே, எனக்குச் சிரிப்பு வந்தது இதை நினைத்துத்தான். ஒரு மாதம் தட்டும். அப்புறம் நின்றுவிடும்.

உங்கம்மா பழகியது அந்த மாருதியில்தான். முதல் நாள் அரியமான் ரோட்டில் நான் கற்றுக்கொடுத்தேன். கத்தினேன் என்றும் சொல்லலாம். நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு இறங்கி வீட்டைப் பார்க்க நடந்தே போய்விட்டாள். சாவியில்லாத வண்டிக்குள் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவளே போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். எல்.எல்.ஆர். எடுத்து, பழகி, டெஸ்டுக்குப் போனாள். ஒரே தடவை, பாஸ். உண்மையிலேயே ஒரே தடவை. நம் வீட்டில் அந்தப் பெருமை அவளுக்குத்தான் சொந்தம்.

இன்னொன்றும் உன்னிடம் மறைத்திருக்கிறேன். 2009-இல் நீ மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கல்லடைப்பு வலி வந்ததே, பக்கத்து வீட்டுத் தம்பி காரில் கொண்டுபோய்ச் சேர்த்தான் என்று சொன்னேன் இல்லையா? ஓட்டியது உங்கம்மா. இங்கிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வரைக்கும் செகண்ட் கியரிலேயே ஓட்டினாள். என்ஜின் அலறுகிறது. பின் சீட்டில் சுருண்டு கிடந்த நான் வலியிலும் "தேர்டு போடு, தேர்டு போடு" என்று கத்துகிறேன். "இது போகுதுல்ல, பேசாம படுங்க" என்றாள். ஒரு இடத்தில் குலுங்கவில்லை. டிரைவரைப் பொண்டாட்டி ஓட்டிக்கொண்டு வந்தாள் என்று ஸ்டாண்டில் தெரிந்தால் என்ன ஆவது என்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்தத் தம்பி கதையை ஜோடித்துவிட்டேன். உங்கம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவும் இல்லை. லைசென்ஸ் பீரோவில் என் வேட்டிக்கு அடியில் கிடக்கிறது. வண்டியையும் விற்றாயிற்று. 2014-இல் மாருதி 800 செய்வதையும் நிறுத்தினார்கள், அம்பாசடரையும் நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே வருஷம்.

கியர் லைசென்ஸா, ஆட்டோமேட்டிக்கா என்று மாப்பிள்ளை கேட்டார். என்னைக் கேட்டால் கிளட்ச் இல்லாதது வண்டியே இல்லை என்பேன், என் வாய் அப்படி. ஓட்டப்போவது நீ, உன் இஷ்டம். ஆட்டோமேட்டிக்கில் எடுத்தால் அங்கே கியர் வண்டியைத் தொட முடியாது, அதை மட்டும் யோசித்துக்கொள். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிறவனுக்கு வழி விட்டு நில். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் நில். டெஸ்டுக்கு முதல் நாள் ராத்திரி பேரனை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும், நீ தூங்கு.

இதில் இருக்கிற எதையும் உங்கம்மாவிடம் பேச்சுவாக்கில் விட்டுவிடாதே. கட்டி முடித்த பார்சலை மூன்று தடவை பிரித்துப் பார்க்கிறவள் அவள். அதனால் கவரை ஒட்டி, பையன் கையிலேயே தனியாகக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பி.கு.: கவர் எங்கே என்று கேட்டதற்கு உங்கம்மா "என்ன, ஃபெயிலான கதையை எழுதியாச்சா?" என்கிறாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே தெரியுமாம். கண்மாய்க் கரையில் ஆடு பத்தியது அவளுடைய சின்னம்மா மகளாம். ஒரு குட்டிக்கு மூன்று நாள் கால் நொண்டியதாம்.