மடங்க மறுக்கும் பக்கக் கண்ணாடிகள்: கார் நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் என் காருக்கு நேர்ந்தது, வண்டியை ஒப்படைக்கும்போது வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டிலும், அதன் பிறகு நான் அனுப்பிய மின்னஞ்சல்களிலும் பதிவாகியிருப்பதால் முழுக் கதையையும் இங்கே விரிக்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடி இறுகிப்போய் மடங்கவில்லை, அதை இளக்கித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது கண்ணாடிக் கூட்டின் அடிப்பகுதியில் விரிசல் விழுந்திருந்தது. கூடவே, கண்ணாடி, கூடு, மூட்டு எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளியையும் மாற்றுவதற்கான எஸ்டிமேட் தயாராக இருந்தது. இளக்கக் கொடுத்த பொருளை உடைத்துவிட்டுப் புதியதை வாங்கச் சொல்வதற்குத் தங்கள் அகராதியில் சேவை என்று பெயர் இருக்கலாம். வாடிக்கையாளர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

என் கோரிக்கை இதுதான்: பழைய கார்களின் பக்கக் கண்ணாடி மடங்கும் மூட்டைச் சுத்தம் செய்து கிரீஸ் இடுவதை வழக்கமான சர்வீஸ் பட்டியலில் சேருங்கள், அந்த மூட்டின் ஸ்பிரிங்கையும் வில்லைகளையும் (வாஷர்) தனி உதிரிப் பாகங்களாக விற்பனைக்குக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு மடலா என்று தாங்கள் எண்ணக்கூடும். நான் குடியிருப்பது திருவல்லிக்கேணியில், ஒருபுறம் கார்கள் நின்றால் மறுபுறம் ஒரு வண்டி மட்டுமே ஊர்ந்து போகக்கூடிய தெருவில். காலையில் தண்ணீர் லாரி உள்ளே நுழையும்போது அதன் கிளீனர் முன்னால் நடந்து வந்து, வரிசையாக நிற்கும் கார்களின் கண்ணாடிகளைப் பட்பட்டென்று மடக்கிக்கொண்டே வருவார். என் காருக்கு முன்னால் வந்ததும் அந்தச் சத்தம் நின்றுவிடும். அவர் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவார். கார் குலுங்குமே தவிர கண்ணாடி அசையாது. லாரிக்குப் பின்னால் பள்ளி வேன், அதற்குப் பின்னால் ஆட்டோக்கள். “சார், வண்டியை எடுங்க” என்று கீழிருந்து ஒரு குரலும் மாடியிலிருந்து ஒரு குரலும் வரும். முகத்தில் சோப்பு நுரை இருந்தாலும் இறங்கி ஓட வேண்டும். காரைப் பின்னோக்கி எடுத்துத் தெருமுனைவரை போய், லாரி உள்ளே வந்தபின் திரும்பினால், நின்ற இடத்தில் வேறொரு வண்டி நிற்கும். அதுவரை தெருப் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எஸ்டிமேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பீர்கள் என்று தெரியவில்லை.

வலுக்கட்டாயமாக மடக்கிவிட்டால் வேறு வகைத் தொல்லை. மடங்கிய கண்ணாடி திரும்பி விரியாது. இடப்பக்கச் சந்தில் நுழைந்து முந்தும் இருசக்கர வண்டிகளைப் பார்க்க அந்தக் கண்ணாடியை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்புறம் தெரியும் கண்ணாடியைக் கட்டாயமாக்கியிருப்பது அலங்காரத்துக்காக அல்ல. 15 ஆண்டுகள் நிறைந்து காரின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இந்தக் குறை அதிகாரியின் பார்வைக்கும் தப்பாது. அதோடு, நடந்து போகிறவர் மேல் உரசினாலும் கண்ணாடி வளைந்து கொடுக்க வேண்டும் என்பதும் அந்த மூட்டு இருப்பதற்கு ஒரு காரணம். இறுகிப்போன கண்ணாடி வளையாது. அவர் கையைப் பதம் பார்க்கும், அல்லது தானே ஒடியும்.

இந்தக் கோளாறின் மூலம் தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. வார்ப்பு உலோகத்தாலான அடிப்பகுதியும் அதன்மேல் உட்காரும் தலைப்பகுதியும் ஒரு குழல் அச்சில் சுழல்கின்றன. வலுவான எஃகு ஸ்பிரிங் இரண்டையும் அழுத்திப் பிடித்திருக்கிறது. கடற்கரைக்கு அருகே உப்புக் காற்றும் மழைநீரும் புழுதியும் அந்த இடுக்கில் சேரும்போது, தொழிற்சாலையில் இட்ட கிரீஸ் காய்ந்துபோய், உலோகம் அரித்து, திருநீறு போல வெண்பொடி படிகிறது. அதுதான் மூட்டை இறுக்கிப் பிடிக்கிறது.

தங்கள் பணிமனை செய்யத் தவறியதை, அதேபோல் இறுகிப்போயிருந்த வலப்பக்கக் கண்ணாடிக்கு எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர் செய்து கொடுத்தார். இடுக்கில் துருவை இளக்கும் எண்ணெயை மெல்லிய குழாயால் பீய்ச்சி, இரவு முழுவதும் ஊறவிட்டார். மறுநாள் ஒரு கையால் அடிப்பகுதியைத் தாங்கிக்கொண்டு, கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்காமல், மூட்டுக்கு மிக அருகில் பிடித்து, விரல் அகலம் முன்னும் பின்னுமாக அசைத்தார். முனகல் சத்தத்துடன் அது நகர்ந்தது. வெண்பொடி கலந்த கறுப்பு எண்ணெய் வழிந்தது. துணியால் துடைத்து, மீண்டும் எண்ணெய் விட்டு, முழுதாக மடங்கும்வரை பொறுமையாக அதையே செய்தார். துரு இளக்கும் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் கடைசியில் வெள்ளை லித்தியம் கிரீஸ் இட்டார். மோட்டாரில் மடங்கும் கண்ணாடியாக இருந்தால் கையால் இப்படித் தள்ளவே கூடாது, உள்ளே பல்சக்கரம் போய்விடும் என்று எச்சரிக்கவும் செய்தார். பயிற்சிச் சான்றிதழ்கள் சட்டமிட்டு மாட்டிய சுவர் அவர் கடையில் இல்லை.

தங்கள் சர்வீஸ் பட்டியலில் எவ்வளவோ இருக்கின்றன. ஏசிக்கு நறுமணப் புகை, டயருக்குப் பளபளப்பு, கேட்காமலே சேர்க்கப்படும் எஞ்சின் அலங்காரக் கழுவல். பிறந்தநாள் வாழ்த்துக் குறுஞ்செய்தியும் தவறாமல் வருகிறது. வண்டி வெளியே வந்த மறுநாள் ஒரு பெண் அழைத்து, பத்துக்குப் பத்து மதிப்பெண் தரும்படி கெஞ்சுகிறார். ஒரு சொட்டு கிரீஸுக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை. முகப்பு விளக்கின் ஒரு பிடிப்பு ஒடிந்தால் முழு விளக்கு, கதவுப் பூட்டின் ஒரு நெம்புகோல் தேய்ந்தால் முழுப் பூட்டு என்று எல்லாவற்றையும் அசெம்பிளியாகவே பார்க்கப் பழகிவிட்டீர்கள். இப்படியே போனால் வைப்பர் ரப்பர் தேய்ந்ததற்குப் புதுக் காரைப் பரிந்துரைப்பீர்கள்.

கோபத்தில் சற்றே விலகிவிட்டேன், பொறுத்தருள்க. வாங்கிய பொருளை முழுதாக மாற்றாமல் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது மோட்டார் வாகனங்களையும் அதன் வரம்பில் சேர்த்தது தாங்கள் அறிந்ததே. எனவே நான் கேட்பது சலுகை அல்ல. கண்ணாடி மூட்டுக்குக் கிரீஸ் இடுவதைப் பட்டியலில் சேர்க்கவும், ஸ்பிரிங்கையும் வில்லைகளையும் தனியே விற்கவும், வலுவைக் காட்டாமல் ஊறவைத்து இளக்கும் முறையைப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் காரில் உடைக்கப்பட்ட கூட்டைத் தங்கள் செலவிலேயே மாற்றித் தருவீர்கள் என்றும் நம்புகிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்பினால் போதும். மதிப்பெண் கேட்டு அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கார் உரிமையாளர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.